முன்னாடி பட்டன் டயரு, பின்னாடி கடலைக்கொடி

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு டயரு வாங்கணும்.

முன்னாடிக்கு ஒண்ணு. பின்னாடிக்கு ஒண்ணு. கடையில போயி "குடுங்க"ன்னா குடுக்கப் போறாக. வாங்கி மாட்டிட்டு வீட்டுக்கு வந்து சோறு திங்க வேண்டியதுதான்.

இதுக்கு எனக்குப் பதினோரு நாளு ஆச்சு!

எழுபதுகள்ல நடந்த கதை. அப்ப நான் அருப்புக்கோட்டையில நூல் ஏஜெண்டு. பெரிய வியாபாரி குடுக்குற நூலைப் பாளையம்பட்டிப் பக்கம் தறிக்காரவுக வீடு வீடாக் கொண்டுபோயிச் சேக்கணும். நெய்ஞ்ச சேலையைத் திருப்பி வாங்கிட்டு வரணும். அதுக்குன்னு பழைய மோட்டார் சைக்கிள் ஒண்ணு வச்சிருந்தேன். இன்னொருத்தர் ஓட்டி ஓட்டி அலுத்துப்போயி எனக்குத் தள்ளிவிட்ட வண்டி.

ரோட்டுலயும் ஓடும், காட்டுலயும் ஓடும். எப்ப ஓடும்னு மட்டும் சொல்ல முடியாது.

நூல் சுமக்குற வண்டிக்கு டயரு வாங்கவா பதினோரு நாளுன்னு கேப்பீக. அங்கதான் எங்க மச்சான் வாராரு.

கோவிந்தராசு மச்சான். என் சம்சாரம் மங்காவோட அண்ணன். வீட்டுல நாங்க தெலுங்குலதான் பேசிக்கிருவோம், ஒங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன். அவுககிட்டயும் மோட்டார் சைக்கிள் இருந்துச்சு. என்னுதை விடப் பெருசு. சத்தமும் பெருசு. அவுக பேச்சு அதைவிடப் பெருசு.

பரளச்சிக்கு அங்கிட்டு ஒரு கிராமத்துல வருசா வருசம் மாசித் திருவிழாவுக்கு ரேக்ளா பந்தயம் நடத்துவாக. சின்ன வண்டியில ரெட்டை மாட்டைப் பூட்டி விரட்டுற பந்தயம். அந்த வருசம் கமிட்டிக்காரவுகளுக்கு என்ன தோணுச்சோ, "மாடு மட்டும்தான் ஓடணுமா? மோட்டாரும் ஓடட்டும்"னு நோட்டீஸ் அடிச்சு விட்டுட்டாக.

பந்தயப் பாதை என்னன்னா, திருச்சுழியில ஆரம்பிச்சு நாலு மைலு தார் ரோடு. அப்புறம் கரிசக்காட்டு வண்டிப்பாதை. அப்புறம் குண்டாத்து மணலைத் தாண்டணும். தாண்டுனா திருவிழா மைதானம். முதல் பரிசு பெரிய பித்தளை அண்டா.

ஒரு காது குத்து வீட்டுல பந்தியில ஒக்காந்திருக்கோம். மச்சான் இலையைப் பாத்துக்கிட்டே சொல்றாக.

"நான் பேரு குடுத்துட்டேன். மாப்ளே, நீங்க வேணாம். ஒங்க வண்டி பாதியில படுத்துக்கிரும்."

பந்தியில இருவது பேரு. இருவது பேரும் சிரிச்சாக. சாம்பார் வாளியோட நின்ன ஆளு கூட சிரிச்சாரு!

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நானும் பேரு குடுத்துட்டேன் மச்சான்"னேன்.

குடுக்கல. சாப்பிட்டுக் கை கழுவிட்டு நேரா பஸ்ஸுல போயித்தான் குடுத்தேன்.

மங்காகிட்ட சொன்னேன். அவ கத்தல, கொள்ளல. ஒண்ணுதான் சொன்னா.

"ஏங்க, பந்தயம் ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை காலையில பாளையம்பட்டிக்கு நூலு போயாகணும். முகூர்த்தச் சேலை. ஒரு நாளு தப்புனாலும் வியாபாரி வேற ஏஜெண்டைப் பாத்துக்கிருவேன்னு சொல்லியிருக்காரு. ஞாபகம் இருக்கட்டும்."

"அதெல்லாம் போயிரும் மங்கா."

"நூலு போயிருமா, வேலை போயிருமா?"

நான் டயரைப் பாக்கப் போயிட்டேன்.

என் வண்டி டயரைத் தடவிப் பாத்தீகன்னா பச்சப்புள்ள கன்னம் மாதிரி இருக்கும். அம்புட்டு வழுவழுப்பு. அதுல மணலுக்குள்ள போனா சறுக்கி விளையாடலாம், பந்தயம் ஓட்ட முடியாது.

மொதல்ல நம்ம சுப்பையா மேஸ்திரி. என் வண்டிக்கு வைத்தியர். கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு.

"இது என்ன பெரிய சங்கதி? முன்னாடி வரி டயரு போடுங்க. நீள நீளமா கோடு இருக்கும்ல, அது. திருப்புன பக்கம் திரும்பும். பின்னாடி பட்டன் டயரு போடுங்க. கட்டை கட்டையா எந்திரிச்சு நிக்கும்ல, அது. மண்ணைக் கவ்வித் தள்ளும். முடிஞ்சது."

முடிஞ்சிருக்கணும். அங்கயே முடிஞ்சிருந்தா நான் இதை எழுத வேண்டிய அவசியமே இல்ல.

ஆனா எனக்கு ஒரு வியாதி. ஒருத்தர் சொன்னா நம்ப மாட்டேன். இன்னும் நாலு பேரைக் கேப்பேன். நாலு பேரும் ஒண்ணையே சொன்னா, "எல்லாரும் பேசி வச்சிருக்காக"ன்னு நெனப்பேன்.

பந்தல்குடி டீக்கடையில ஒரு லாரி டிரைவரு. தூத்துக்குடிக்கு லோடு அடிக்கிறவரு. அவருகிட்ட கேட்டேன்.

"டயரு எதுவா இருந்தா என்ன தம்பி? மணலுக்குள்ள எறங்குறப்ப காத்தைக் குறைச்சிரணும். டயரு சப்புன்னு அகலமாகும். மெதந்து போயிரும். காத்து கல்லு மாதிரி இருந்தா பொதைஞ்சிரும்."

"காத்தைக் குறைச்சா பஞ்சருன்னுல்ல ஆளுக சிரிப்பாக?"

அவரு டீயைக் குடிச்சு முடிச்சாரு. என்னைப் பாத்தாரு. லாரியில ஏறிப் போயிட்டாரு.

அடுத்தது மாரிமுத்து. என்கூட எட்டாவது வரைக்கும் படிச்சவன். பழைய லாரி டயரை அறுத்துச் செருப்புத் தைக்கிறவன். அருப்புக்கோட்டை சுத்துவட்டாரத்துல பாதிக்காலு அவன் செருப்புலதான் நடக்கும். டயரைப் பத்தி இவனை விட யாருக்குத் தெரியும்?

"ஏலே மாரி, ரோட்டுலயும் ஓடணும், கரிசலுலயும் ஓடணும், மணலுலயும் ஓடணும். எந்த டயருலே நல்லது?"

மாரி உளியைக் கீழ வச்சான்.

"ரோட்டுல நடக்குறவுக வழுவழுன்னு கேப்பாக. காட்டுக்குப் போறவுக கட்டை வச்சதாக் கேப்பாக."

"ரெண்டுலயும் நடக்குறவுக?"

"அவுக செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போயிருவாக."

இப்படியே பத்து நாளு ஓடிருச்சு. தறிக்காரரு, பால்காரரு, டவுன் பஸ் கண்டக்டரு, ஒரு சாமியாரு, எல்லாரையும் கேட்டாச்சு. சாமியாரு மட்டும்தான் தெரியாதுன்னு சொன்னாரு. மத்தவுக எல்லாரும் தெரிஞ்ச மாதிரியே சொன்னாக.

பதினோராம் நாளு மச்சானே வீட்டுக்கு வந்துட்டாக.

"மாப்ளே, இன்னும் டயரு வாங்கலயாமே? மேஸ்திரி சொன்னதுதான் சரி. முன்னாடி வரி, பின்னாடி பட்டன். நானும் அதைத்தான் போட்டிருக்கேன். போயி வாங்குங்க."

காப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போட்டிக்கு நிக்கிறவரு எதுக்கு வீடு தேடி வந்து எனக்கு நல்லது சொல்லணும்? ஏதோ உள்குத்து இருக்கு! மேஸ்திரியையும் கைக்குள்ள போட்டிருக்காக! அப்ப இவுக சொல்றதுக்கு நேர் எதிராச் செஞ்சா ஜெயிச்சிரலாம்!

இதை நான் நின்ன இடத்துல கண்டுபிடிச்சேன். அவ்வளவு மூளை.

நேரா கடைக்குப் போனேன். கடையில இருந்ததே ரெண்டு டயருதான். ஒரு வரி, ஒரு பட்டன். என் வண்டிக்கு ரெண்டு சக்கரமும் ஒரே அளவு. அதுதான் வினையாப் போச்சு. வேற வேற அளவா இருந்திருந்தா ஆண்டவனே என்னைக் காப்பாத்தியிருப்பான்.

மேஸ்திரிகிட்ட கொண்டுபோயிப் போட்டேன்.

"மேஸ்திரி, பட்டனை முன்னாடி மாட்டுங்க. வரியைப் பின்னாடி மாட்டுங்க."

"மாத்திச் சொல்றீக."

"சரியாத்தான் சொல்றேன். மாட்டு வண்டியில மாடு எங்க இருக்கு?"

"முன்னாடி."

"இழுக்குறது முன்னாடிதானே! அப்பப் பிடிமானம் எங்க இருக்கணும்?"

மேஸ்திரி குனிஞ்சு செயினைத் தட்டிக் காமிச்சாரு.

"மாட்டு வண்டியில மாடு முன்னாடி இருக்கு. ஒங்க வண்டியில செயின் எங்க இருக்கு?"

"பின்னாடி."

"அப்ப?"

"நீங்க மாட்டுங்க மேஸ்திரி."

"மாட்டுறேன். ஆனா இதை மாட்டுனது நான்னு வெளியில யாருகிட்டயும் சொல்லிராதீக."

மாட்டுனா, பட்டன் கட்டை முன்னாடி மட்கார்டுல உரசுது. "கழட்டுங்க மட்கார்டை"ன்னேன். கழட்டுனாரு. வண்டியைப் பாத்தா மூக்கு இல்லாத ஆளு மாதிரி இருந்துச்சு. எனக்கு மட்டும் பந்தய வண்டி மாதிரித் தெரிஞ்சுச்சு.

மறுநாளு அதுலயே நூல் மூட்டையோட பாளையம்பட்டி போனேன். தார் ரோட்டுல அந்தப் பட்டன் டயரு போடுற சத்தம் இருக்கே! "கொர்ர்ர்ர்"னு ஊரையே கூட்டுது. ஹேண்டில்பாரு நடுங்குது. பல்லு தந்தியடிக்குது. தெருவுக்குள்ள நொழையிறேன், ஒரு தறிக்காரரு சம்சாரம் சொளகுல சோளத்தோட வெளிய வந்துட்டாக.

"நீங்கதானா? மாவு மில்லு வந்துருச்சுன்னுல்ல நெனச்சேன்."

நான் அதையும் பாராட்டுன்னே எடுத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு.

ஆறு வண்டி. மச்சான் வெள்ளைச் சட்டையில, கறுப்புக் கண்ணாடியில ஜம்முன்னு நிக்கிறாக. நான் மூஞ்சியில துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். மட்கார்டு இல்லாததால முன் சக்கரம் கல்லை அள்ளி மூஞ்சியில அடிக்கும்ல. எடை குறையட்டும்னு பம்பு, பஞ்சர் ஒட்டுற சாமான், எல்லாத்தையும் வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். டயரு நெம்புற கம்பி ரெண்டு மட்டும் வண்டிப் பைக்குள்ள அடியில கெடந்துச்சு. அது கெடந்தது எனக்கே தெரியாது.

மச்சான் என் வண்டியைப் பாத்தாக. குனிஞ்சு முன்னாடி பாத்தாக. பின்னாடி பாத்தாக.

"மாப்ளே... டயரு மாறிக் கெடக்கு."

"தெரியும் மச்சான்"னு ஒரு சிரிப்புச் சிரிச்சேன். ரகசியம் தெரிஞ்சவன் சிரிக்கிற சிரிப்பு.

கொடியை ஆட்டுனாக. அஞ்சு வண்டியும் அம்பு மாதிரிப் போயிருச்சு. நான் மாவு அரைச்சுக்கிட்டே பின்னாடி போறேன்.

தார் ரோட்டுல நாலு மைலு. அந்த நாலு மைலுல என்னை ஒரு டவுன் பஸ்ஸு தாண்டிப் போச்சு. ஜன்னல்ல இருந்த ஒரு பெரியவரு, "வண்டியில ஏதோ கழண்டுருச்சுப்பா!"ன்னு அக்கறையாச் சொல்லிட்டுப் போனாரு.

"பரவால்ல, கரிசக்காடு வரட்டும். அங்க இருக்கு சங்கதி"ன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

கரிசக்காடு வந்துச்சு. சங்கதியும் வந்துச்சு.

காஞ்ச கரிசல்ல மாட்டு வண்டி போன தடம் எப்படி இருக்கும்னு பாத்திருப்பீக. மழையில ஆழமாப் பதிஞ்சு, வெயில்ல இறுகி, செங்கல்லு மாதிரி ஆயிரும். அந்தத் தடத்துக்குள்ள என் வண்டி எறங்குச்சு. பின்னாடி வரி டயரு. அதுக்குக் கோடுதான் தெரியும். தடத்துல பக்குன்னு ஒக்காந்துக்கிருச்சு, ரயிலு தண்டவாளத்துல ஒக்காந்த மாதிரி. முன் சக்கரம் வெளிய ஏறப் பாக்குது. பின் சக்கரம் "நான் வரல"ங்குது.

ஒரு எடத்துல பாதை ரெண்டாப் பிரியுது. வலது பக்கம் சிவப்புக் கொடி கட்டியிருக்கு, அதுதான் பந்தயப் பாதை. நான் வலது பக்கம் திருப்புறேன். தடம் எடது பக்கம் போகுது.

எடது பக்கம்தான் போனேன்.

ஒரு மல்லிக்காட்டு ஓரமாப் போச்சு. ஒரு கெணத்தைச் சுத்திப் போச்சு. என்னால நிப்பாட்டவும் முடியல, ஏன்னா நிப்பாட்டுனா தோத்துருவேன்ல! எங்க போறேன்னு தெரியாமலே வேகமாப் போறேன். கடைசியா ஒரு களம் வந்துச்சு. களத்து வாசல்ல கருவேல முள்ளை வெட்டிக் கட்டுன படல் சாத்தியிருந்துச்சு.

நான் அது வழியாத்தான் உள்ள போனேன். தொறந்துட்டுப் போகல.

களத்துல ஒரு அக்கா கடலைக்கொடியைப் போராக் குவிச்சுக்கிட்டிருந்தாக. கையில வைக்கோல் கவை. பேரு பேச்சியம்மாள்னு பெறகு தெரிஞ்சுச்சு.

"யாருய்யா அது, களத்துக்குள்ள வண்டியை விடுறது? கண்ணு தெரியலயா?"

"எனக்குத் தெரியுதுக்கா. வண்டிக்குத்தான் தெரியல."

"எங்கய்யா போற?"

"பந்தயத்துல போறேன்க்கா."

அவுக எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்தாக. அங்கிட்டு இங்கிட்டுப் பாத்தாக. காக்கா கூட இல்ல.

"தனியாவா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள பின் சக்கரம் "புஸ்ஸ்ஸ்"னு பெருமூச்சு விட்டுருச்சு. பாத்தா முள்ளு. எண்ணுனேன். பதினாலு. முன்னாடி பட்டன் டயரு தடிச்ச ரப்பரு, அதுல ஒண்ணு கூட ஏறல. அந்தத் தடிப்புப் பின்னாடி இருந்திருந்தா... சரி, விடுங்க.

அங்கயே ஒக்காந்துட்டேன். அப்பத்தான் திங்கக்கிழமை ஞாபகம் வந்துச்சு. முகூர்த்தச் சேலை. வியாபாரி. மங்கா மூஞ்சி. பந்தயம் போனா போகுது, வண்டி இங்க நடுக்காட்டுல கெடந்தா என் பொழப்பு என்னாகுறது? துண்டை அவுத்து மூஞ்சியைத் துடைச்சேன். வேர்வைன்னு அந்த அக்கா நெனச்சிருப்பாக.

நெனைக்கல போல. குரலு கொஞ்சம் எறங்குச்சு.

"இப்ப என்னய்யா? காத்துத்தானே போச்சு? எங்க மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் காத்தா அடிக்கோம்? உள்ள எதையாச்சும் திணிச்சு ஓட்டிட்டுப் போ."

"எதைத் திணிக்க?"

அக்கா குவியலைக் காமிச்சாக. கடலைக்கொடி.

பைக்குள்ள கெடந்த நெம்புற கம்பியை அப்பத்தான் கண்டுபிடிச்சேன். டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூப்பை உருவி, உள்ள கொடியைத் திணிச்சோம். நான் கையால திணிக்கிறேன். அந்த அக்கா "தள்ளு"ன்னு சொல்லிட்டு காலால மிதிச்சுத் திணிக்கிறாக. பருத்தி மூட்டை மிதிச்சுப் பழகுன காலு. அரை மணி நேரத்துல டயரு பொங்கப்பானை மாதிரி உப்பிருச்சு. ஓரத்துல எல்லாம் கொடி தாடி மாதிரித் தொங்குது.

"ஒரு கட்டுக் கொடி ஆயிருச்சு. மாட்டுக்கு வச்சிருந்தது"ன்னாக.

"மறக்க மாட்டேன்க்கா."

"மறக்கலைன்னா மட்டும் என்ன, மாடு ஒன்னையா திங்கும்? கெளம்பு. ஆத்துக்குக் குறுக்குப் பாதை அந்தா இருக்கு."

கெளம்புனேன். வண்டி குதிரை மாதிரித் தாவித் தாவிப் போகுது. பின்னாடி கொடி பறக்குது.

குண்டாத்துக்கு வந்தா, கண்ணை நம்ப முடியல!

அஞ்சு வண்டியும் மணலுக்குள்ள நிக்குது. நட்டு வச்ச மாதிரி. அச்சு வரைக்கும் பொதைஞ்சு போச்சு. ஒரு ஆளு கையால மணலைத் தோண்டுறாரு. இன்னொருத்தரு தோண்டித் தோண்டி ஊத்தே வந்துருச்சு, வண்டியை விட்டுட்டு அதுல தண்ணி குடிச்சுக்கிட்டிருக்காரு. மச்சானோட வெள்ளைச் சட்டை மணல் நெறத்துக்கு வந்துருச்சு.

நான் எறங்குனேன். பொதையல! சப்பிப்போன கொடி டயரு பாய் விரிச்ச மாதிரி மணல் மேல மெதக்குது. முன்னாடி பட்டன் டயரு வழியைக் கவ்விக்கிட்டுப் போகுது. லாரி டிரைவரு காத்தைக் குறைக்கச் சொன்னாருல்ல? என் டயருல காத்தே இல்லயே!

மச்சான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறாக.

"மாப்ளே! அது என்ன டயரு?"

"சீமை டயரு மச்சான்!"

"நில்லுங்க! பின்னாடி கொடி தொங்குது! நிப்பாட்டி அறுத்து விட்டுட்டுப் போங்க! சக்கரத்துல சுத்திக்கிரும்!"

பாத்தீகளா? முந்திப் போறவனை நிப்பாட்டச் சொல்றாக! உள்குத்து! நான் ஒரு கையைத் தூக்கி டாட்டா காமிச்சிட்டு மேல ஏறுனேன்.

கரைக்கு மேல திருவிழா மைதானம். ஆயிரம் பேரு இருந்திருப்பாக. மைக் செட்டு, பலூன், சவ்வு மிட்டாய். எல்லைக்கோடு முக்கால் பர்லாங்கு தூரத்துல சுண்ணாம்புல போட்டிருக்கு. முன்னாடி ஒருத்தரும் இல்ல. பின்னாடியும் ஒருத்தரும் இல்ல. நான்தான் முதல்!

அடுத்தது ரேக்ளா பந்தயம். அதுக்காகக் கரையோரத்துல செல்லையான்னு ஒருத்தரு மாட்டைப் பூட்டி, வண்டியில ஏறி நின்னு, கயித்தைப் பிடிச்சுத் தயாரா வச்சிருந்தாரு. வெள்ளைக் காளை ரெண்டு. பந்தயத்துக்காக அன்னைக்குக் காலையில இருந்து அதுகளுக்குத் தீனி போடல.

நான் அதுக மூக்குக்கு முன்னாடி கடலைக்கொடியை ஆட்டிக்கிட்டே போனேன்.

மாட்டுக்குக் கடலைக்கொடின்னா நமக்கு அல்வா மாதிரி. ரெண்டு மாடும் ஒரே நேரத்துல தலையைத் தூக்குச்சு. ஒரே நேரத்துல கெளம்பிருச்சு!

"ஏய்... ஏய்... நிப்பாட்டுய்யா!"ன்னு செல்லையா கத்துறாரு.

கூட்டம் மொத்தமும் எந்திரிச்சு, "நிப்பாட்டு! நிப்பாட்டு!"ங்குது.

எனக்கு எப்படிக் கேட்டுச்சுன்னா, "விடாதே! விடாதே!"ன்னு கேட்டுச்சு. இன்னும் முறுக்குனேன்.

பின்னாடி சலங்கைச் சத்தம் கேக்குது. திரும்பிப் பாத்தேன். ஒரு சாண் தூரத்துல ரெண்டு மூக்கு. ஒண்ணு நாக்கை நீட்டி என் டயருல தொங்குற கொடியை எட்டிப் பிடிக்கப் பாக்குது. எம்மா! உசுரு போயி உசுரு வந்துச்சு. அதுவரைக்கும் ஜெயிக்கிறதுக்கு ஓட்டுனேன். அதுக்குப் பெறகு பொழைக்கிறதுக்கு ஓட்டுனேன்.

கோட்டுக்கு இன்னும் பத்து கஜம்.

மாடு கொடியைப் பிடிச்சிருச்சு. இழுத்துச்சு. உருவிக்கிட்டு வந்த கொடி செயின்ல சுத்துச்சு. மச்சான் சொன்ன மாதிரியே சுத்துச்சு. சக்கரம் "டக்"குன்னு பூட்டிக்கிருச்சு.

வண்டி நின்னுருச்சு. நான் நிக்கல.

ஹேண்டில்பாருக்கு மேல பறந்து, நெஞ்சால தேச்சுக்கிட்டே போயி, சரியா கோட்டைத் தாண்டி விழுந்தேன். எனக்குப் பின்னாடி மாடு ரெண்டும் ஓடுன வேகத்துல ஒதுங்கி, என் வண்டியைத் தாண்டி, என்னையும் தாண்டி, கோட்டையும் தாண்டிப் போயி நின்னுச்சு. செல்லையா இன்னும் "ஏய்... ஏய்..."னுக்கிட்டே இருக்காரு.

அப்புறம் மைக்குல கமிட்டித் தலைவரு தொண்டையைக் கனைச்சாரு.

"ஆளு வந்துருச்சு. வண்டி வரல."

"வண்டி அந்தா பத்துக் கஜத்துலதானே நிக்குது!"ன்னு நான் கெடந்தபடியே கத்துனேன்.

"தம்பி, நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கு? படிக்கிறேன் கேளுங்க. 'எல்லைக்கோட்டை முதலில் தாண்டும் வண்டிக்கு பித்தளை அண்டா.' வண்டிக்குன்னுதான் போட்டிருக்கு. ஆளுக்குன்னு போடல."

"சரிங்க, அப்ப எந்த வண்டி மொதல்ல தாண்டுச்சு?"

தலைவரு செல்லையாவைப் பாத்தாரு. கூட்டம் செல்லையாவைப் பாத்துச்சு. செல்லையா ரேக்ளா வண்டியைப் பாத்தாரு.

"ஐயா, நான் மோட்டாருக்குப் பேரே குடுக்கலீகளே!"

"மோட்டாருன்னும் இதுல போடலப்பா. வண்டின்னுதான் போட்டிருக்கு."

குடுத்துட்டாக! அண்டாவைத் தூக்கி அந்த மனுசன் கையில குடுத்துட்டாக! அவரும் கூச்சப்பட்டுக்கிட்டேதான் வாங்குனாரு. ஆனா வாங்கிட்டாரு. அதுக்குள்ள அந்த ரெண்டு மாடும் திரும்பி வந்து, என் வண்டிக்கு ரெண்டு பக்கமும் நின்னு, சாவகாசமா டயருக்குள்ள இருந்து கொடியை உருவித் தின்னுக்கிட்டிருக்கு. வெரட்டப் போனேன்.

"திங்குற மாட்டை வெரட்டாதீக தம்பி, பாவம்"னு செல்லையா அண்டாவை அணைச்சுக்கிட்டே சொல்றாரு.

மங்கா கூட்டத்தை வெலக்கிக்கிட்டு ஓடி வந்தா. என்னைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. முழங்கையில தோலு போயிருந்துச்சு, நெஞ்சுல சிராய்ப்பு. கண்ணுல தண்ணி நிக்குது அவளுக்கு.

"எலும்பு எதுவும் ஒடையலயே?"

"இல்ல மங்கா."

நல்லா மூச்சு விட்டா. முந்தானையில என் மூஞ்சியைத் துடைச்சா. அப்புறம் கேட்டா.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. ஒங்களுக்கும் மாட்டுக்கும்தான் பந்தயம்னு வீட்டுலயே ஏன் சொல்லல?"

மச்சான் வண்டியை உருட்டிக்கிட்டு அப்பத்தான் வந்து சேந்தாக. என் பக்கத்துல ஒக்காந்தாக. சிரிப்பாகன்னு பாத்தேன், சிரிக்கல.

"நான் நல்லதுக்குத்தானே மாப்ளே சொன்னேன்? டயரையும் சொன்னேன், கொடியையும் சொன்னேன். நீங்க விழுந்தா எனக்கு என்ன லாபம்? என் தங்கச்சியில்ல அழுகும்."

மாடு தின்ன டயரைப் பாத்தப்ப வராத வெக்கம் அப்பத்தான் எனக்கு வந்துச்சு.

அவுகளே போயி ஒரு லாரியைப் பேசி, ரெண்டு வண்டியையும் ஏத்தி, என்னையும் ஏத்தி அருப்புக்கோட்டை கொண்டுவந்து சேத்தாக. வழி நெடுக ஒரு வார்த்தை கிண்டலு இல்ல. பந்தல்குடி டீக்கடையில மட்டும், "மாப்ளைக்கு டீயா, கொடியா?"ன்னு ஒரு தடவை கேட்டாக. அது நியாயந்தான்.

சுப்பையா மேஸ்திரி ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம பட்டறையைத் தொறந்தாரு. செயின்ல சிக்குன கொடியை அறுத்து எடுத்தாரு. வேற டியூப்பு போட்டாரு. நான் கேக்காமலே முன்னாடி இருந்த பட்டனைக் கழட்டிப் பின்னாடி மாட்டுனாரு. பின்னாடி இருந்த வரியைக் கழட்டி, முள்ளையெல்லாம் பிடுங்கி, முன்னாடி மாட்டுனாரு.

திங்கக்கிழமை காலையில நூல் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கெளம்புனேன். வண்டி வெண்ணெய் மாதிரிப் போகுது! ரோட்டுலயும் சத்தம் இல்ல, மண்ணுலயும் சறுக்கல் இல்ல. சொன்ன நேரத்துக்கு முந்தியே பாளையம்பட்டியில நூலை எறக்கிட்டேன். வேலையும் தப்பிச்சுச்சு.

பதினோரு நாளு அலைஞ்சு, நெஞ்சுத் தோலை உரிச்சுக்கிட்டு நான் கத்துக்கிட்டது இம்புட்டுத்தான்: டயரு வாங்குறதுக்கு முன்னாடி எத்தனை பேருகிட்ட வேணும்னாலும் கேக்கலாம், ஒருத்தரு சொன்னதையாச்சும் கேக்கணும்.